இடத்தை ஞாபகம் வைக்காத மெஷின்

அரையிஞ்சு என்று கேட்டால்தான் அவர் கடையைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் கடை வாசலிலேயே நின்றுகொண்டு ‘அப்படி ஒருத்தரும் இந்தத் தெருவில் இல்லையே’ என்று சத்தியம் செய்வார்கள். முப்பது வருடத் தையல்காரர். எந்தச் சட்டையை வெட்டினாலும் பக்கவாட்டுத் தையலில் அரை இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டுவிடுவார். அதை மனதோடு வைத்துக்கொண்டால் யாருக்கும் வருத்தமில்லை. “கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்சம் பூசினாப்ல ஆயிடுவீங்க தம்பி, அப்போ பிரிச்சுக்கலாம்னு அரையிஞ்சு விட்டிருக்கேன்” என்று கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவனிடமே சொல்லிவிடுவார். அவனும் சிரித்துக்கொண்டே போய், இரண்டு வருடம் கழித்து அதே சட்டையோடு திரும்பி வருவான்.

ஓயாத வாய். ஊரில் யார் இடுப்பு இறங்கியது, யார் தோள் சாய்ந்தது எல்லாம் அவர் சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பட்டன் தைத்து, காஜாவும் எடுத்து, இறுக்கிப் பூட்டி வைத்திருந்தார். அது கடலுக்கு அடியில் கிடந்த ஒரு பாறை.

அவரிடம் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பழைய படகு உண்டு. விடிந்தும் விடியாததுமாகத் துடுப்பை எடுத்தால் எட்டு மணிக்குத் திரும்புவார். ஒன்பதரைக்குக் கடை திறந்துவிடும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. திட்டிக்கொண்டே இழுத்தவர், சும்மா இருப்பானேன் என்று தூண்டிலைப் போட்டார். அரை மணி நேரத்தில் நாலு சங்கரா மீனும் முழங்கை நீளத்தில் ஒரு கலவாவும் வந்தன. சுற்றிலும் மணலாகக் கிடந்த அடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் சேர்ந்த அளவுக்கு ஒரு பாறை எழும்பி நிற்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. கரையைப் பார்த்தால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் இடது காலும் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பமும் ஒரே கோட்டில் வரவேண்டும். அந்தப் பக்கம் நூல் மில்லின் புகைபோக்கி, கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்தால் நீங்கள் பாறையின் உச்சந்தலையில் இருக்கிறீர்கள். இந்த அடையாளத்தை அவர் கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அல்பத்தனம் என்று நினைக்க வேண்டாம். கடை வாடகைக் கடை. வீடு மாமனார் கொடுத்தது. நாள் முழுக்க அடுத்தவர் மார்பையும் அடுத்தவர் இடுப்பையும் அளந்து, அடுத்தவர் துணியை வெட்டுகிற பிழைப்பு. முழுக்க முழுக்க அவருடையது என்று இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பாறை ஒன்றுதான்.

அதைத்தான் ஒரே வருடத்தில் தொலைத்துவிட்டார். முதலில் மூடிப்போன மில்லின் புகைபோக்கியை இடித்தார்கள். பிறகு கடற்கரைச் சாலையில் ஏழு மாடிக்கு ஒரு குடியிருப்பு எழும்பி, தண்ணீர்த் தொட்டியை மொத்தமாக மறைத்துவிட்டது. கட்டிடம் நாலு மாடி வந்தபோதே அவர் படகிலிருந்து தினம் மாடிகளை எண்ண ஆரம்பித்தார். ஐந்தாவது மாடியில் தொட்டியின் கால் போனது, ஆறாவதில் வயிறு போனது, ஏழாவதில் தலையும் போனது. கடலின் நடுவில் கண்ணைக் கட்டி விட்டது போல ஆகிவிட்டது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கிப் பார்த்தார். அத்தனை பெரிய கடலில் ஒரு குண்டு தொடுவது ஓர் உள்ளங்கை இடம். நாலு மாதமாகக் கையளவு குஞ்சு மீன்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், எந்தப் பாறை, எங்கே பாறை என்று ஊரே கிளம்பிவிடும். ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்து வெந்தார். வாய் குறைந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் சட்டையை வெட்டி முடித்து நிமிர்ந்தால், மேஜை மேல் சட்டையின் இரண்டு கையும் இடது கையாகக் கிடந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இரண்டு கைகளையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

“என்னங்க, ஹெட்மாஸ்டருக்கு எப்பலேர்ந்து ரெண்டும் இடது கை?”

அவர் கத்தரியைப் பார்த்தார்.

“நாலு மாசமா பார்க்கிறேன். மீனும் இல்ல, பேச்சும் இல்ல. எதையோ தொலைச்சுட்டு நிக்கிறீங்க. என்னன்னு நான் கேட்கல. கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டுற மெஷின் ஒண்ணு இருக்காம். என் போன்ல வீடியோ வந்துச்சு. படகுல மாட்டிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவந்துடலாம். கையடக்கம்தான்.”

அவருக்கு உயிர் வந்தது. மீன் காட்டுகிறதோ இல்லையோ, ஆழம் காட்டினால் போதும். பதினாலு மீட்டர் பதினாலு மீட்டர் என்று போய்க்கொண்டிருக்கும் அடி திடீரென்று எட்டு என்று எழும்பினால், அதுதான் அவருடைய பாறை. யார் தயவும் வேண்டாம், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம்.

ஆனால் அவர் மனைவி அன்று சாயங்காலம் மகளிடம் போனில் பேசினார். மகள் மாமியாரிடம் பேசினாள். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

சம்பந்தி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத மனிதர். ஓய்வு பெற்ற கையோடு வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் படகு வாங்கி, அவரும் காலையில் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். “இன்னைக்கு நல்ல ஆழத்துல நின்னேன் சம்பந்தி, அள்ளு அள்ளுன்னு அள்ளிட்டேன்” என்பார். மீன் எங்கே என்றால், “வர்ற வழியிலேயே எல்லாருக்கும் கொடுத்துட்டேன்” என்பார். தர்மப்பிரபு என்று ஊரில் பெயர்.

“மீன் பார்க்கிற மெஷின் வாங்கப் போறீங்களாமே. ஆளுக்கொண்ணு எதுக்கு? சேர்ந்து ஒண்ணா வாங்கிடுவோம். செலவும் பாதிப் பாதி. இன்னைக்கே போகலாமா?”

பெண் கொடுத்த இடம். முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றும் மனசார வரவில்லை. “அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா” என்று மென்று முழுங்கினார்.

படகுச் சாமான் கடை துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. கயிற்று வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து அடிக்கும் நீளமான கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் கண்ணாடி மேஜை மேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

“ரொம்ப விலை போகாம, நமக்குக் கட்டுப்படியாகிற மாதிரி காட்டும்மா” என்றார் சம்பந்தி.

முதல் மெஷினுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி போலப் பெரிய திரை. அதைப் படகின் அடியில் நாலு துளை போட்டு நிரந்தரமாக மாட்ட வேண்டுமாம். “படகுல ஓட்டை போட்டா அப்புறம் மீன் எங்கன்னு நான் தேட வேண்டாம்மா, அதுவே என்னைத் தேடி வந்துடும்” என்று அரையிஞ்சு அதை ஓரமாகத் தள்ளினார்.

இரண்டாவது ஓர் உருண்டை. தூண்டில் கயிற்றில் கட்டித் தண்ணீரில் எறிந்தால் போதும், போனிலேயே படம் வருமாம். அந்தப் பெண் இதை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. குரலில் தேன் வடிந்தது.

“இதுல விசேஷம் என்னன்னா சார், நீங்க போன வழி, நின்ன இடம், அந்த இடத்து ஆழம் எல்லாத்தையும் மேப் போட்டு வச்சுக்கும். ஒரு தடவை நின்ன இடத்தை மறக்கவே மறக்காது. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குறீங்க இல்ல, ஒருத்தர் போன இடத்தை இன்னொருத்தர் வீட்டுல உட்கார்ந்தே பார்த்துக்கலாம்.”

“வேண்டாம்மா” என்றார்கள் இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “போன் தண்ணியில விழுந்துடும்” என்றார் அரையிஞ்சு அவசரமாக. “எனக்கு இந்த மேப்பெல்லாம் பார்த்தா தலை சுத்தும்” என்றார் முப்பது வருடம் ரயில் அட்டவணையோடு குடித்தனம் நடத்தியவர். ஓஹோ, இவருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அரையிஞ்சுக்குப் புரிந்தது. ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது, ஒரு பக்கம் அது எந்த இடம் என்று அரிக்கவும் செய்தது.

மூன்றாவது உள்ளங்கை அளவுப் பெட்டி. சின்னத் திரை, நாலு பேட்டரி, நீள வயர், வயரின் நுனியில் தண்ணீரில் மிதக்கிற ஒரு வட்டுக் கருவி. அரையிஞ்சு சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து வயரை அளந்தார். இருபத்தைந்து அடி என்று பெட்டியில் போட்டிருந்தது. இருபத்து நாலே முக்கால்தான் இருந்தது. திரை வெயிலில் தெரிகிறதா என்று தெருவுக்கு எடுத்துப் போய், நாலு பக்கமும் திருப்பி, உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். தெரிந்தது. மீட்டரில் காட்டுமா, அடியில் காட்டுமா என்று கேட்டார். இரண்டிலும் காட்டும். மழை பட்டால்? படலாம், மூழ்கினால்தான் போச்சு.

“ஆனா சார், ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள் அந்தப் பெண், பாவம், நேர்மையாக. “இது மூணுலயும் மட்டமானது. எதையும் ஞாபகம் வச்சுக்காது. ஆஃப் பண்ணினா எல்லாம் போயிடும். நீங்க எங்க போனீங்கன்னு அதுக்கே தெரியாது.”

“இதையே கொடும்மா” என்றார்கள் இருவரும். குறையைச் சொல்லி அவள் விற்ற முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

வாங்கியாயிற்று. யார் முதலில் எடுத்துப் போவது? அங்கேதான் வந்தது வினை. “நீங்கதான் பெரியவர், நீங்க முதல்ல” என்றார் அரையிஞ்சு. “பெண்ணைக் கொடுத்தவங்க நீங்க, நீங்கதான் முதல்ல” என்றார் அவர். அவர் இவர் வீட்டில் கொண்டுவந்து வைப்பார். இவர் மறுநாள் அவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பார். சம்பந்தி மரியாதை அப்படி. கடைசியில் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று தனிக்குடித்தனம் இருந்த மகள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில் மெஷின் ஒன்பது நாள் யாரும் தொடாமல் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு அப்பாவும் சேர்ந்து என் ஃப்ரிட்ஜ்ல மீன் இருக்கான்னு பார்க்கவா இதை வாங்கினீங்க?” என்று கேட்ட மகள், பத்தாம் நாள் ஒரு தாளில் முறை எழுதி ஒட்டிவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி தன் அப்பா. செவ்வாய், வியாழன், சனி மாமனார். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு விடுமுறை. இரண்டு பெரிய மனிதர்களும் அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று அரையிஞ்சு முதலில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கருவியை மிதக்கவிட்டார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றார்.

“மூணு மீன் காட்டுது.”

“நேத்துத்தானே நான் தொட்டி கழுவினேன். ஒண்ணுகூட என் கண்ணுல படலையே.”

“ஒண்ணு கொஞ்சம் பெருசு.”

“அப்போ அதைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க, மதியத்துக்கு ஆகும்.”

காற்றுக்குமிழி, தூசி, எது குறுக்கே வந்தாலும் அந்த மெஷின் மீன் படம் போட்டுவிடுகிறது என்று அவருக்கு விளங்கியது. படத்தை நம்பக்கூடாது. ஆழத்தை மட்டும் சோதிக்க டேப்பை விட்டுப் பார்த்தார். தொட்டிக்குள் மெஷின் ஒரு நேரம் சரியாகச் சொன்னது, ஒரு நேரம் முழித்தது. தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அதற்குப் புத்தி தெளிகிறது. தன் அடுத்த முறை வந்தபோது படகுத்துறையின் நுனியில் ஈயக்குண்டுக் கயிற்றோடு ஒப்பிட்டார். கயிறு சொன்னதையே மெஷினும் சொன்னது. எண் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது போதும்.

மூன்று வாரம் தேடினார். தனி ஆளாகத் தேடுவது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போதுதான் தெரிந்தது. துடுப்பைப் பிடித்தால் எண் போயிற்று, எண்ணைப் பார்த்தால் படகு போயிற்று. நேர்க்கோட்டில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், நீரோட்டம் இழுத்து வட்டம் அடிக்க வைத்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தற்செயலாகத் திரும்பியபோது திரையில் ஒன்பது என்று இருந்தது. துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பாய்வதற்குள் பதினாலாகிவிட்டது. முன்னே போனார், பின்னே வந்தார், பதினாலு, பதினாலு. அன்று அவர் படகிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். வயது ஐம்பத்தாறு. ஒரு பாறைக்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

சம்பந்தியைக் கேட்டால், “மெஷின் அருமையா வேலை செய்யுது” என்பதோடு சரி.

“ஒரு கை தட்டினா ஓசை வருமா?” என்றார் மனைவி அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே. “பட்டுத் துணி வெட்டும்போது நீங்க கத்தரி பிடிச்சா நான் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன் இல்ல? அதே மாதிரிதான். ஒருத்தர் துடுப்பு, ஒருத்தர் கண்ணு. நானே வருவேன், ஆனா கயிறு அவிழ்க்கிறதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடும். சம்பந்தியைக் கூப்பிடுங்க.”

“கூப்பிட்டா இடம் தெரிஞ்சு போயிடுமே.”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஓர் இடம் இருக்கிறது என்பதையே அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

“இப்போ மட்டும் உங்களுக்குத் தெரியுதா?”

அரையிஞ்சு இரண்டு நாள் யோசித்தார். யாருக்கும் சொல்லாத பாறை யாருக்குமே இல்லாத பாறையாகிவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மனது ஒப்பவில்லை. ஒப்பாத மனதோடுதான் சம்பந்தி வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“கடல்ல எனக்கு ஒரு பாறை இருந்துச்சு சம்பந்தி. அடையாளமெல்லாம் மறைஞ்சு போச்சு. நீங்க வந்து மெஷினைப் பார்த்து நம்பர் சொன்னா, நான் துடுப்பு போட்டுக் கண்டுபிடிச்சுடுவேன்.”

சம்பந்தியின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது வெளுத்தது.

“எவ்வளவு ஆழம்?”

“சுத்தி பதினாலு மீட்டர்.”

சம்பந்தி எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “நீங்க வாயைத் திறந்து கேட்டதே இல்ல. வர்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷினின் விடுமுறையை ரத்து செய்துவிட்டு இருவரும் படகில் ஏறினார்கள். சம்பந்தி நடுப் பலகையில் உட்கார்ந்து இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டார். அரையிஞ்சு துடுப்பைப் போட்டுக்கொண்டே எதிரே இருந்தவரைப் பார்த்தார். பார்த்தவர் மறுபடி பார்த்தார். மகள் கல்யாணத்துக்கு அவரே சம்பந்திக்குத் தைத்துக் கொடுத்த சட்டை. மார்பு முப்பத்தெட்டு. போன வாரம் பார்த்தபோதும் அதேதான். இப்போது எந்தக் குருடன் பார்த்தாலும் நாற்பத்தைந்து. பட்டன்கள் மூச்சு விட முடியாமல் தவித்தன. ஒரே வாரத்தில் ஏழு இஞ்ச் ஏறும் உடம்பு உலகத்தில் கிடையாது.

“சம்பந்தி, சட்டைக்குள்ள என்ன?”

சம்பந்தி தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. “மிதவை ஜாக்கெட். எனக்கு நீச்சல் தெரியாது.”

“தெரியாமயா தினம் ஆழத்துல நிக்கிறீங்க?”

“எங்க நின்னேன்? மணல் திட்டுக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல. இடுப்பளவு தண்ணியில நங்கூரம் போட்டு, ரேடியோ கேட்டுட்டு வந்துடுவேன். ஆழம் எவ்வளவுன்னு தெரிஞ்சா பயமில்லாம இருக்கலாமேன்னுதான் மெஷினுக்கு ஆசைப்பட்டேன். அது என்னடான்னா இடுப்பளவு தண்ணியில வேலையே செய்யல.” சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. “நான் எங்கயும் போகலன்னு அந்த மேப் காட்டிக் கொடுத்துடுமேன்னுதான் அதை வேண்டாம்னேன்.”

“அப்புறம் எதுக்குப் படகு வாங்கினீங்க?”

“வேலையில இருந்தவரைக்கும் பேச ஆள் இருந்துச்சு. ரிட்டயர் ஆனதும் யாரு வர்றா? நீங்க ஒருத்தர்தான் வருவீங்க. வந்தா ரெண்டு நிமிஷம் நலம் விசாரிச்சுட்டு எழுந்துடுவீங்க. உங்களோட உட்கார்ந்து பேச எனக்கும் ஏதாவது வேணும்னு தோணிச்சு.”

அரையிஞ்சுக்குத் துடுப்பு நின்றுவிட்டது. முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தார், வயிறு குலுங்க. சம்பந்தியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அரையிஞ்சுக்கு, தன்னோடு பேசுவதற்காக ஒரு மனிதன் படகு வாங்கியிருக்கிறான், நாமோ கடல் பேச்சில் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“ஜாக்கெட்டைச் சட்டைக்கு மேல போடுங்க சம்பந்தி. உள்ள போட்டா தையல் விட்டுடும். அரையிஞ்சுதான் விட்டிருக்கேன்.”

“திரும்பிடலாம்னு சொன்னாலும் நான் வரமாட்டேன்” என்றார் சம்பந்தி பட்டனைக் கழற்றிக்கொண்டே. “மெஷினைக் கொடுங்க. தண்ணியைப் பார்த்தாத்தான் பயம். நம்பரைப் பார்த்தா இல்ல. முப்பது வருஷம் ஓடுற வண்டியில நின்னுக்கிட்டு நம்பர் பார்த்தவன் நான்.”

அவர் சொன்னது உண்மைதான். தலையைக் குனிந்து திரையில் கண்ணைப் பதித்தவர் நிமிரவே இல்லை. அரையிஞ்சு, துணியில் நூலோட்டுவது போலப் படகை ஓட்டினார். காலி டப்பாவில் கல் கட்டி ஒரு மிதவை போட்டு, அங்கிருந்து ஒரு கோடு. திரும்பி, ஒரு படகு நீளம் தள்ளி, அடுத்த கோடு. படகு வளைந்தால் மிதவையைப் பார்த்து நேராக்கிக்கொண்டார். எண்ணைப் பற்றிய கவலை இல்லை. அது எதிரே இருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“பதினாலு. பதினாலு. பதினாலு. மூணு மீன் வருது.”

“மீனை விட்டுடுங்க.”

“விட்டாச்சு. பதினாலு. பதினாலு.”

ஏழு கோடு போட்டார்கள். எட்டு. வெயில் ஏறியது. அரையிஞ்சின் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பதினொன்றாவது கோட்டின் பாதியில் சம்பந்தியின் குரல் மாறியது.

“பதிமூணு. பன்னெண்டு. பத்து. ஒன்பது. எட்டு. எட்டு. சம்பந்தி, எட்டு.”

அரையிஞ்சு நங்கூரத்தை இறக்கினார். கயிறு ஓடி நின்றது. இழுத்தார். வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பிடித்த அதே பிடி. அவர் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு நூறு தடவை சொல்லிக்கொண்டார்.

பிறகு தொழில் ஞாபகம் வந்தது. மறுபடி தொலையாமல் இருக்க அடையாளம் எடுக்க வேண்டும். கரையைப் பார்த்தார். ஐஸ் ஃபேக்டரியின் நீலக் கூரையும் அதன் பின்னால் டெலிபோன் கோபுரமும் ஒரே கோட்டில் இருந்தன. இந்தப் பக்கம் மருத்துவமனை மாடியின் சிவப்புக் கைப்பிடிச் சுவர் கலங்கரை விளக்கத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. நன்றாக மனதில் ஏற்றிக்கொண்டு திரும்பினால், சம்பந்தி மெஷினை மடியில் வைத்து, தலையைத் தொங்கப்போட்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா சம்பந்தி?”

“இல்ல. நீங்க அடையாளம் பார்ப்பீங்க இல்ல. பார்த்து முடிச்சுட்டுச் சொல்லுங்க. கரைக்குப் போறவரைக்கும் நான் திறக்க மாட்டேன். இது உங்க இடம்.”

எட்டு மீட்டர் தண்ணீரில், நீச்சல் தெரியாத மனிதர், கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அரையிஞ்சு அந்த விரல்களைப் பார்த்தார்.

“கண்ணைத் திறங்க” என்றார்.

“வேண்டாம் சம்பந்தி.”

“திறங்கன்னா. நாளைக்கு இன்னொரு கட்டிடம் வந்து இதையும் மறைச்சுட்டா நான் யார்கிட்டப் போய்க் கேட்பேன்? கரையைப் பாருங்க. நீலக் கூரை தெரியுதா?”

சம்பந்தி முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார்.

“தெரியுது.”

“அதுக்குப் பின்னாடி டவர். ரெண்டும் ஒண்ணா நிக்கணும்.” சொல்லும்போது அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. “இப்போ இந்தப் பக்கம் திரும்புங்க. சிவப்புக் கைப்பிடிச் சுவர்.”

“நீலக் கூரை, டவர். சிவப்புச் சுவர், கலங்கரை விளக்கம்” என்று சம்பந்தி வாய்விட்டு ஒப்பித்தார். இன்னொரு முறை ஒப்பித்தார். விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, கரையைச் சுட்டிக் காட்டி, சரியா என்பது போல அவரைப் பார்த்தார்.

“சரிதான்” என்றார் அரையிஞ்சு. தூண்டில் இரண்டை எடுத்து, ஒன்றை அவரிடம் நீட்டினார்.